வெயில் பட்ட தொட்டி

மீனுக்கு நீரும் நீருக்குக் கரையும் அளித்த திருமயிலைப் பெருமான் திருவடி போற்றி. இன்று தைப்பூசம், தெப்பம் மிதக்கும் நன்னாள். என் பழைய பொறாமையொன்றை அவன் சந்நிதியில் இறக்கிவைக்க இதைவிட உகந்த நாள் இல்லை.

யுத்தம் முடிந்த ஆண்டு, ஆவணியில், சர்க்கார் மீன் பண்ணையில் குமாஸ்தாவாயிருந்த சித்தப்பா ஒரு செம்பில் இரண்டு கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்தார். ஒன்று எனக்கு, மற்றொன்று அத்தையின் மகளுக்கு. கணவனை இழந்த அத்தை மகளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பெண் எனக்கு ஒரு வயது மூத்தவள். அத்தங்கா என்று அழைப்பேன்.

"எது பெரிசா வளர்றதோ அதைத் தைப்பூசத்தன்னிக்குத் தெப்பக்குளத்துல விடலாம். வளர்த்தவ என்கூட வரலாம்" என்றார் அப்பா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்குவது நானாகவே இருக்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

எனக்குக் கிணற்றடியில், வில்வ நிழலில் கல்தொட்டி கிடைத்தது. அத்தங்காவுக்குத் தொழுவத்தோரம், நாள் முழுதும் வெயில் காயும் உடைசல் தொட்டி. நான் என் மீனை ஆசாரத்தோடு வளர்த்தேன். காலைதோறும் குளிர்ந்த நீர் மாற்றினேன். நிவேதனமான பொரி மட்டுமே போட்டேன். ஏகாதசியன்று அதையும் பட்டினி போட்டு, துவாதசியில் துளசி தீர்த்தத்தோடு பாரணை செய்வித்தேன். அத்தங்காவோ, பசுவுக்குத் தீனி கலந்த கையிலுள்ள தவிட்டையும் புண்ணாக்கையும் தன் தொட்டியில் உதறிவிட்டுப் போவாள். நீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும்.

தீபாவளிக்குள் அவள் மீன் என் உள்ளங்கை நீளம், என்னுடையது சுண்டுவிரல்.

பால் கறக்க வந்தவர் சிரித்தார். "இன்னா பாப்பா, உன் மீனு வந்த அன்னிக்கு இருந்தாப்லயே கீது?"

அன்று பிற்பகலில் எல்லோரும் கண்ணயர்ந்தபோது சல்லடையால் மீன்களை மாற்றிவிட்டேன். வாலருகே கறுப்புப் புள்ளியுள்ள என் மீன் அவள் தொட்டிக்குப் போயிற்று.

"பார்த்தியா, விரதம் வீண் போகலைடீ!" என்று பூரித்தாள் அம்மா. அத்தங்கா இரு தொட்டிகளையும் பார்த்தாள். வழக்கம்போல் கையை உதறினாள்.

மார்கழியில் என் தொட்டி நீர் சில்லிட்டது. திருடிய மீன் அடியில் அசையாமல் கிடந்தது. பொரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தைப்பூசக் காலையில் அப்பா விரலால் அளந்தார். தொழுவத்து மீன்தான் பெரியது.

"நீ கிளம்பும்மா" என்றார் அத்தங்காவிடம்.

"மாமா, அது அவ மீன். வாலண்டை புள்ளி இருக்கு பாருங்கோ" என்றாள் அவள்.

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். அத்தங்கா வரவில்லை, பசுவுக்குத் தீனி வைக்கும் வேளை. குளத்தில் மீன் நழுவி மறைந்தபோதும் எனக்குப் பொறாமையே மிஞ்சியது. விட்டுக்கொடுக்க அவளிடம் ஏதோ இருந்ததே என்று.

அவள் தொட்டிக்கு வெயில் கிடைத்தது, அந்த இடம் வேறு யாருக்கும் வேண்டாததால். தவிடு கிடைத்தது, தொழுவ வேலை அவள் தலையில் விழுந்ததால். அவளுக்கென்று வைத்த குறைகளை உண்டே அந்த மீன்கள் வளர்ந்தன என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

இதைப் படிப்போர் யாவர்க்கும் இளவெயிலும் வயிறார உணவும் குறைவின்றிக் கிட்டுக. அவற்றைப் பிறர்க்கு உதறும் கையும் வாய்க்க.