கிணற்றுச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு

என் ஆய்வுக் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டினால் உடன் வேலை பார்ப்பவர்கள் கை கொடுப்பார்கள். ஊரார் பெருமைப்படுகிற விஷயத்துக்கெல்லாம் பயப்படுகிற பிறவி நான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்லில் பதிந்த பழங்கால இலைகளைப் படிப்பது என் தொழில். வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு பாசனக் கிணற்றின் உட்சுவரில், சாம்பல் நிறக் களிப்பாறையில், அந்தப் பகுதியில் அதுவரை யாரும் பார்த்திராத ஓர் இலைத்தடத்தை எடுத்து எழுதினேன். அதை நம்பிச் சிலர் அந்தப் பாறையின் வயதையே திருத்தினார்கள். என் மாணவி ஒருத்தி தன் முனைவர் பட்ட ஆய்வை அதன்மேல் கட்டினாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே ஒரு கல். கல்லூரிக் கிடங்கில் மழை ஒழுகி, அந்தக் கல் ஊறிப் பொடியாக உதிர்ந்துவிட்டது. மிச்சம் ஒரு புகைப்படம்தான்.

அந்த நேரம் பார்த்து, மாணவியின் ஆய்வேட்டைப் படித்த வெளிநாட்டுப் பேராசிரியர், புகைப்படம் போதாது, அதே அடுக்கிலிருந்து இன்னொரு இலை வேண்டும் என்று எழுதினார். இல்லையென்றால் ஆய்வேடு திரும்பிவிடும். நிலம் தொழிற்சாலைக்குப் போய்விட்டது, கிணற்றைத் தூர்க்கிறார்கள் என்ற சேதியும் அதே வாரம் வந்தது.

"சார், நீங்க போறதுக்குள்ள மூடிட்டாங்கன்னா?" என்றாள் மாணவி போனில்.

"வாயைக் கழுவும்மா" என்று எரிந்து விழுந்தேன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குன்றத்தூர் தாண்டியதிலிருந்து பஸ்ஸை முந்திப்போன ஒவ்வொரு மண் லாரியும் என் கிணற்றுக்குத்தான் போகிறது என்று தோன்றியது. வாசலில் இருந்த காவலாளி திருநெல்வேலிக்காரர். "உள்ள விட்டா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாவ சார்" என்றார். கெஞ்சினேன். என் முகம் அழுதுவிடும்போல இருந்திருக்க வேண்டும். வெரசா வந்துருங்க என்று கதவைத் திறந்தார்.

கிணறு பாதி மூடியிருந்தது. பொக்லைன் சும்மா நின்றது. அதை ஓட்டுகிறவர் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளக் கோட்டப் பாத்தியா சார்? இஞ்சினீரு போட்ட லெவல்னு நெனச்சி அதோட நிறுத்திகினேன். இன்னிக்கிக் கேட்டா, நான் எங்கய்யா கோடு போட்டேன்னு கத்துறாரு. நேர்ல வந்து பாக்கறேன்னுட்டுக் கீறாரு."

கோடு போட்டது நான். மாதிரி எடுத்த அடுக்கை மறுபடி கண்டுபிடிக்க நாங்கள் பெயிண்டால் கோடு இழுத்துவைப்பது வழக்கம். முதல் முறை வந்தபோது கயிறு கட்டி இறங்கினேன். இப்போது அவர்கள் கொட்டிய மண்ணே என்னை அந்தக் கோட்டுக்கு எதிரில் நிறுத்தியது.

மண் சரிவில் இறங்கினேன். கால் முழங்கால்வரை புதைந்தது. "மண்ணு லூஸா கீது சார், ஓரமாவே நில்லு." மேலே பொக்லைனின் இரும்புக் கை நீட்டியபடி இருந்தது. கோட்டை ஒட்டி உளியால் ஒரு கல் பலகையைப் பெயர்த்துப் பிளந்தேன். வெறும் கல். அடுத்ததும் வெறும் கல். மண்ணுக்குள் போய்விடுவேனோ என்கிற பயமெல்லாம் அப்போது மறந்துபோனது. அன்றைக்கு நான் பார்த்தது இலைதானா? இல்லாத ஒன்றை எழுதி, இத்தனை பேரை நம்பவைத்துவிட்டேனா?

"இஞ்சினீரு வண்டி வர்து சார், ஏறிக்க!"

கையில் வந்த பலகையைப் பிளக்காமலே செய்தித்தாளில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். இஞ்சினீயர் ஆபரேட்டரைத் திட்டினார், என்னையும் திட்டினார். நான் வாசலை அடைவதற்குள் மண் சரிகிற சத்தம் கேட்டது.

எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் வைத்துப் பிளந்தேன். சீப்புப் பல்போல வரிசை வரிசையாக, அதே இலை. போனில் சொன்னதும் மாணவி அழுதாள். நானும்தான். அவளுக்குப் பட்டம் கிடைத்தது.

அந்தக் கிணற்றின்மேல் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பேராசிரியருக்கு அனுப்பிய கல் அவரோடே இருக்கிறது. புதிதாக யாராவது என் கட்டுரையை மேற்கோள் காட்டினால் இன்றும் பயம்தான். கல்லை அவரிடம் பார்க்கலாம்; அது வந்த அடுக்கைப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இடமில்லை. இனி அவர்கள் என்னை நம்பித்தான் ஆக வேண்டும்.