மணக்காத மிளகாய்

நாவூறு கழிக்கும்போது நெருப்பில் போடுகிற செத்தல் மிளகாய் நெடியடிக்காவிட்டால், கண்பட்டது உண்மை என்று அர்த்தம். இதை நான் அம்மாவிடம் படித்தேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் என் பிள்ளைகளுக்குச் சுற்றிப் போடுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் ஒரு குறையுமில்லை. ஆனால் மிளகாயைக் கையில் எடுத்தாலே எனக்கு மாமாவின் நினைவுதான் வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. ஊரில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அவவை ஸ்பொன்சர் செய்து கூப்பிட நிரந்தர வேலை வேண்டும். மாமாவிடம் இருந்த ஒரே குறை கிற்றார்.

நாலாம் மாடியில் ஒரு கறுப்பினக் கிழவர் இருந்தார். கிற்றாரில் புளூஸ் இசை வாசித்தே வாழ்ந்தவர். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் மெஷின் சுற்றி முடியும்வரை அவரும் மாமாவும் வாசிப்பார்கள். அந்தக் கோடையில் கிழவர் ஒரு வான் வண்டியில் வின்னிபெக் நகர் வரை ஊர் ஊராக வாசிக்கப் புறப்பட்டார். மாமாவையும் வரச் சொன்னார். போனால் தொழிற்சாலை வேலை போய்விடும்.

அந்த நாட்களில்தான் மாமா உடுப்பு மடித்துக்கொண்டே எனக்கு ஒரு கதை சொன்னார்.

“முந்தி ஒருத்தன் கிற்றாரோட நாற்சந்திக்குப் போனானாம், பிள்ளை. பேய் வந்து சுருதி கூட்டிக் குடுத்திட்டு அவன்ரை உயிரை எழுதி வாங்கினதாம். அதுக்குப் பிறகு அவனைப்போல வாசிக்க ஆளில்லை.”

“மெய்யே மாமா?”

“நாலாம் மாடி அங்கிள் சொல்லுறார், பேயுமில்லை பிசாசுமில்லையாம். பெண்சாதியை விட்டிட்டு வாசிக்கப் போனவனாம். சனந்தான் பேயெண்டு கதை கட்டினதாம்.”

நான் அம்மாவிடம் முதல் பாதியை மட்டும்தான் சொன்னேன். மற்றது எனக்குக் கதையாகவே படவில்லை.

அம்மா அடுப்பை நிறுத்தினார். “நாற்சந்தியிலயோ? நாங்கள் கழிச்சுக் கொட்டுற இடத்திலயோ போய் நிண்டவன்?”

அன்று வெள்ளிக்கிழமை. புகை மணி கத்தாமல் இருக்க அதில் ஷொப்பிங் பையைக் கட்டிவிட்டு, மாமாவைக் கிழக்கே பார்த்து இருத்தினார்.

“அக்கா, இது கனடா. பேயும் விசா எடுத்துத்தான் வரவேணும்.”

“வாயைப் பொத்திக்கொண்டிரு. அந்தப் பெட்டை உன்னை நம்பிக்கொண்டு அங்க இருக்குது.”

அம்மா மிளகாயையும் உப்பையும் மூன்று தரம் சுற்றிச் சூடான சட்டியில் போட்டார். ஒருவருக்கும் இருமல் வரவில்லை.

“பாத்தியே, துளியும் மணக்கேல்லை!” அம்மாவுக்குப் பெருமை.

மாமாவின் கண்களால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. “புகை, அக்கா” என்று சட்டையால் துடைத்தார்.

அம்மாவும் நானும் கழித்ததையும் வெட்டிய தேசிக்காயையும் கொண்டு சந்திக்குப் போனோம். கடக்கச் சொல்லி சிக்னல் விழும்வரை பொறுத்து நின்று, போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தோம்.

திங்கட்கிழமை காலை கிழவரின் வான் கீழே நின்று இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது. மாமா சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசலால் வேலைக்குப் போனார். பிறகு ஊரிலிருந்து மாமி வந்து சேர்ந்தா. கிற்றார் சோபாவுக்குப் பின்னாலேயே கிடந்தது.

மாமாவைப் பேயிடமிருந்து காப்பாற்றியது நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். மணக்காத மிளகாய் மாமாவின் கண்ணை மட்டும் எப்படிக் கலங்க வைத்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.