ரீஸ்டார்ட்

இன்று அலுவலகத்தில் பழுதுபார்க்க வந்தவர் ஒரு பழைய கணினியைத் திறந்தபோது சூடேறிய தூசியின் வாடை அடித்தது. மலேசியாவில், பாடாங் செராயில் முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த சைபர் கபேயின் வாடை அது. ஏர்கோன் ஒழுகும் இடத்தில் வைத்த வாளியும், எழுத்து அழிந்த விசைகளும், எதைத் தொட்டாலும் திரையில் நகராமல் நிற்கும் மணற்கடிகாரமும், கடைக்காரர் பெருமையாகக் காட்டும் திருட்டு மென்பொருள் வட்டுகளுமாக, அங்கிருந்த எதுவுமே எனக்குப் பிடித்ததில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்காவின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணியோடு கெடு. ரப்பர்த் தோட்டத்து வீட்டிலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்தவள், மதியம் முழுக்க ஒற்றை விரலால் தட்டித் தட்டி முடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரை முழுவதும் நீலமானது.

"அண்ணே, எல்லாம் போச்சு!"

கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "ரீஸ்டார்ட் பண்ணு லா, தங்கச்சி. கம்ப்யூட்டர்னா அப்படித்தான்."

அது மெல்ல உயிர் பெற்று வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. விண்ணப்பப் பக்கத்தை மூடிவிட்டார்கள். அக்கா திரையை ஓங்கி அறைந்தாள். விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியவள், இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். அந்த மாடியில் இப்போது பல் மருத்துவர் இருக்கிறார்.

ஒருமுறை அந்த நாளைப் பற்றி அவளிடம் பேச்செடுத்தேன்.

"நான்தான்டி எதையோ தப்பா அமுக்கிட்டேன்" என்றாள்.

அந்த இயந்திரத்தை என்னால் மன்னிக்க முடியாமல் போனது அப்போதுதான்.