தலைவர் வீட்டுக்கும் வெற்றிலை பாக்கு

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டு முடிந்ததும் வேலை இல்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போகும் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனேன். ஆறாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து அப்படித்தான். லாரி நிற்கும் இடத்தில் வேலை, அங்கேயே சோறு. அந்த முறை நின்ற மலையூரில் சில மாதங்கள் தங்கிவிட்டேன்.

அங்கே குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. போர் மோட்டாரை ரிப்பேருக்கு என்று கழற்றிப் போன ஊராட்சித் தலைவர் அதைத் தன் மரவள்ளிக் காட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பள்ளத்து ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்தார்கள். எனக்குச் சோறு போட்ட அக்காவின் மகள் அந்தச் சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். தலைவர் அக்காவுக்கு மாமன் முறை.

அக்கா ஊர்ப் பெண்கள் சிலரோடு கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்கு, மனு வாங்கும் திங்கட்கிழமை போனாள். நானும் போனேன். தலைவரைப் பதவியிலிருந்து நீக்க விசாரணை வேண்டுமென்றால், வார்டு மெம்பர்கள் ஆறு பேரில் நாலு பேராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்கள்.

மெம்பர்களைப் பிடிப்பது ஓணான் பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருவர் காட்டுக்குப் போயிருப்பார். ஒருவருக்குக் காய்ச்சல்.

"மனுவ நீட்னா ஓடத்தான் செய்வாங்க. வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புட்டா எப்டி ஓடுவாங்க?" என்றாள் அக்கா.

அந்த ஊரில் கல்யாணமோ காரியமோ, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் வாங்கியவர் வந்தாக வேண்டும். வாங்காமல் கதவடைத்தால் நாளை அவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போக மாட்டார்கள். மறுநாள் பலா மரத்தடியில் ஊர்க் கூட்டம் என்று அக்கா தட்டை நீட்ட, மெம்பர்கள் ஆறு பேரும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்து அக்கா தலைவர் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"இன்னாக்கா பண்ற? அவரு மேலதான மனுவே!"

"ஊர்ல ஒரு வூட்ட வுட்டுட்டு எப்டிப்பா கூப்புடறது?"

"முன்கூட்டியே தெரிஞ்சிக்கினு மெம்பருங்கள மடக்கிடுவாரே!"

"மடக்கட்டும்."

இவர்கள் ஜெயிக்கப் போவதில்லை என்று அப்போது நினைத்தேன். நான் பயந்தபடியே தலைவர் அன்று சாயங்காலமே மெம்பர்களைப் பார்த்துவிட்டார். தான் வராமல் இருந்துவிடுவதாகவும், 'தலைவரு வரட்டும், அவரு இல்லாம பேசக் கூடாது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாராம். ஆனால் அவரும் வெற்றிலை வாங்கியவராயிற்றே. வராமல் இருக்க அவராலும் முடியவில்லை. பலா மரத்தடிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். மெம்பர்களுக்குச் சாக்கு போய்விட்டது.

"இன்னாம்மா, மாமனையே வெரட்டறியா? உன் கல்யாணத்துக்கு ஆடு புடிச்சிக்கினு வந்தவன் நானு."

"கறி நல்லாத்தான் இருந்துது மாமா. மோட்டாரு எங்க கீது, அத்தச் சொல்லுங்க."

"ரிப்பேருல கீது."

"ரிப்பேரான மோட்டாருக்கே கெழங்கு தொடை தண்டி வுட்டுக்கீது," என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மெம்பர்களில் முதலில் எழுந்து பேனா கேட்டவர் தலைவரின் சொந்த சம்பந்தி. "எம் பொண்டாட்டியும்தான் கொடம் தூக்கறா, சம்மந்தி," என்றார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் போட்டார்கள். மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனு மலையிறங்குவதற்கு முன்பே மோட்டார் வந்து மாட்டிக்கொண்டது. குழாயில் தண்ணீர் கொட்டியது. கையெழுத்துப் போட்டவர்களே அக்காவிடம் வந்தார்கள்.

"தண்ணிதான் வந்துடுச்சே. மனுவ வுட்டுடலாம்."

"தண்ணி வந்துச்சி. கழட்னது யாருன்னு ஒருத்தரு கேக்க வேணாமா? எம் பொண்ணு காலுக்கு யாரு பதில் சொல்றது?"

மறுநாள் முதல் பஸ்ஸில் மனுவோடு ஏறினாள். நான் எத்தனையோ ஊரில் சண்டை பார்த்திருக்கிறேன். கேட்டது கையில் கிடைத்த பிறகும் மேலே கேட்கப் போன ஆளை அங்கேதான் பார்த்தேன்.

விசாரணைக்கு ஜீப் வந்தபோது நான் உளுந்தூர்பேட்டை ஓட்டல் ஒன்றில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா போனில் சொன்னாள். தலைவர் நின்றுகொண்டே பதில் சொன்னாராம்.

"பதவி பூடுமாக்கா?"

"அது இனிமே அவங்க பாடுப்பா. ஊரு முன்னாடி கேட்டாங்க. எம் பொண்ணு காலப் பத்தியும் கேட்டாங்க."