பாசிக்குடாவில் பழசு ஒன்றும் இல்லை

போன சனிக்கிழமை பாசிக்குடாவில் வீடு மந்திரிப்பு. என் பள்ளித் தோழன் அன்ரன் கடற்கரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டி முடித்திருக்கிறான். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார், கேக் வெட்டினோம்... எல்லாம் அமர்க்களம்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். மண் குவியலில் ஒரு பானைத் துண்டு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த அதே சாமான்! எடுத்துக்கொண்டு அன்ரனிடம் ஓடினேன்.

"டேய் அன்ரன், இது எங்க கிடந்தது?"

அவன் முகம் செத்துப்போனது. என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான்.

"மெல்லக் கத மச்சான். இங்க அத்திவாரக் குழி வெட்டக்குள்ள பெரிய தாழி ஒண்டு வந்திச்சு. உள்ளுக்கு எலும்பு, பாசிமணி, சின்னச் சட்டி..."

"எங்க அது?"

"இரும்பு அலவாங்கால குத்தி உடச்சிட்டன். மேல கொங்கிறீட்டும் போட்டாச்சு."

காலால் தரையைத் தட்டிக் காட்டினான். புத்தம் புது டைல்ஸ்!

ரிசோர்ட்டுகள் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பு, இந்தக் குடாவில் யாரோ தங்கள் வீட்டு மனிதரை மணி மாலையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். அதன் மேல் கக்கூஸ் கொமட்டா?

"நீ படிச்சவன்தானே?" என்று கத்தினேன்.

"படிச்சதாலதான் உடச்சன். பழசு கிடைச்ச இடம் எண்டு தெரிஞ்சா, தொல்பொருள்காரர் காணிய மறிச்சு எல்லைக்கல்லு நட வந்திருவாங்க. சண்டைக்குள்ள விட்டிட்டு ஓடின காணி. வந்து கட்டின வீட்டச் சுனாமி கொண்டுபோச்சு. நீ பேப்பரில இத எழுதினா இதுவும் போயிரும் மச்சான்."

அழுதே விட்டான்.

திட்ட வாயெடுத்தவன் அவன் தோளைப் பிடித்தேன். வேறு நாட்டில் என்றால் ஊரைக் கூட்டிக் கொண்டாடுவார்கள். நாங்கள்? எங்கள் மூதாதையரைக் கண்டதும் அலவாங்கைத் தேடுகிறோம் — அதுவும் பயத்தில்! இன்னும் எத்தனை வளவுகளில் இப்படி நடந்ததோ...

வெளியே முதல் விருந்தாளிகள், ஒரு பிரெஞ்சு ஜோடி, காத்திருந்தார்கள். இந்த ஊரில் பழங்காலத்து இடம் ஏதாவது பார்க்க இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"இல்லை, கடல் மட்டும்தான்" என்றான் அன்ரன்.

அப்படியென்றால் பழைய நகரம் பார்க்க நாளைக்கே பொலநறுவைக்குப் போகிறோம் என்றார்கள். உறுதிப்படுத்திக்கொள்ள என் முகத்தையும் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்ரன் என்பது அவன் பெயர் இல்லை. எந்த கெஸ்ட் ஹவுஸ் என்று தயவுசெய்து கேட்காதீர்கள் — எனக்கும் தெரியாது.