நாய் இல்லாத துப்பாக்கி

என் அண்ணன் இறந்தபோது எங்களுக்குள் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு துப்பாக்கி. நிலத்துக்காகச் சண்டை, கல்யாணத்தில் சண்டை என்றால் கேட்பவர்களுக்குப் புரியும். ஒரு குழல், ஒரு தடவைக்கு ஒரு தோட்டா, செய்தவன் பேர்கூட இல்லாத பழைய துப்பாக்கி. அதற்காகக் கூடப்பிறந்தவரை வேண்டாம் என்றேன் என்று சொல்ல எனக்கே கேவலமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பா தாசேக் கெலுகோரில் ஐந்து ஏக்கர் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை, வைத்திருந்தார். காட்டுப் பன்றிகள் இளங்கன்றுகளைப் பிடுங்கித் தின்றன. அதற்காகத்தான் லைசன்ஸ் எடுத்து, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் அந்தத் துப்பாக்கியை வாங்கினார். அசல் இங்கிலீஷ் துப்பாக்கி என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அப்படிச் சொல்ல அதில் ஓர் எழுத்துகூட இல்லை. விசைக்கு மேலே, இரும்பின் பக்கவாட்டில் கீறிய ஒரு நாய் மட்டும் இருந்தது. காதைத் தொங்கப்போட்டு, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நிற்கும் நாய். எட்டு வயதில் எனக்கு அந்த வீட்டிலேயே மிகவும் பிடித்தது அதுதான்.

கல்யாணமாகி நான் கடலுக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் டத்தோ கிராமாட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் அப்பாவோடு இருந்தார். பகலில் பிறை ஊரில் லேத் வேலை, சனி ஞாயிறில் செம்பனை. அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. லைசன்ஸைத் தன் பேருக்கு மாற்றுவதற்காக அண்ணன் துப்பாக்கியை வெளியே எடுத்தார். நான் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நாய் இல்லை. அந்த இடம் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்குத் தலைக்கே ஏறிவிட்டது. வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அசல வித்துட்டு ஏதோ ஓட்டத் துப்பாக்கியக் கொண்டாந்து வச்சிருக்கீங்க. லேத்துல வேல செய்யிற ஆளுக்கு லைசன்ஸ்ல உள்ள நம்பர இதுல அடிக்கிறது பெரிய காரியமா?"

"இதாம்மா அப்பா துப்பாக்கி. வேற எதுவும் இந்த வீட்டுல இருந்ததில்ல."

"அப்ப நாய் எங்க?"

அண்ணன் துப்பாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியலம்மா" என்றார். பதில் தெரியாத மனிதனை நான் மாட்டிக்கொண்ட திருடனாகப் பார்த்தேன். எல்லார் முன்னாலும் அந்த வார்த்தையையும் சொன்னேன். அன்று சாயந்திரம் கடல் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தவள்தான். அவர் போன் செய்தால் எடுப்பதில்லை. கொஞ்ச நாளில் அவரும் நிறுத்திக்கொண்டார்.

இந்த வருஷம், தீபாவளிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும்போது, வேலைக்குக் கிளம்பிய இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போனேன். பக்கத்து வீட்டுக்காரி மாதிரி வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணி கூப்பிட்டார். லைசன்ஸ்காரர் இல்லையென்றால் துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டுமாம். இப்போது அது ஜார்ஜ் டவுனில் ஒரு துப்பாக்கிக் கடையில் பூட்டி இருக்கிறது. கடைக்காரர் பாரம் நிரப்ப வேண்டும், அதில் செய்த கம்பெனியின் பேர் கேட்டிருக்கிறது, எனக்கு மலாய் பாரமெல்லாம் படிக்க வராது, கொஞ்சம் கூட வாயேன் என்றார். சரி என்றேன். நல்ல மனதோடு சரி என்றேன் என்று நினைக்க வேண்டாம். யார் செய்தது என்று தெரிந்துவிட்டால் அது அப்பாவுடையது இல்லை என்பதும் தெரிந்துவிடும், செத்த பிறகாவது நான் சொன்னது சரி என்று ஆகட்டும் என்றுதான் போனேன். இதை எழுதுகிற கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

கடைக்காரர் எங்கள் வயதுக்காரர், தமிழ் முஸ்லிம், அதிகம் பேசாதவர். துப்பாக்கியை மேஜை மேல் துணி விரித்து வைத்தார். அண்ணி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"பேரு வெளிய இருக்காது. உள்ள பாக்கணும்" என்றவர், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டையைத் திருப்பி அதிலிருந்த ஒரே திருகாணியில் கை வைத்தார். வைத்தவர் நிறுத்தினார். "இத நான் முன்னாடியே கழட்டியிருக்கேன் லா" என்றார். பிறகு கழற்றினார்.

கட்டை மறைத்திருந்த இரும்பில் கிரீஸ் தடிமனாகப் பூசியிருந்தது. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். முட்டை வடிவில் ஒரு முத்திரை, உள்ளே மூன்று எழுத்து, மேலே சின்னக் கிரீடம். அதற்குப் பக்கத்தில் தனியாக இரண்டு எழுத்து. அதற்கும் கீழே ஒரு நம்பர்.

"இங்கிலீஷ்காரன் சாமான் இல்ல இது. பெல்ஜியம். சுட்டுப் பாத்து குழல் வெடிச்சுப் பொளக்கலன்னா அடிக்கிற முத்திர இது. இந்த ரெண்டு எழுத்துதான் செஞ்சவன். அங்க சின்னச் சின்னப் பட்டறையில செஞ்சு, பேரு போடாம அனுப்பிடுவானுங்க. விக்கிற கடக்காரன் தன் பேரப் போட்டுக்குவான், இல்ல சும்மா வித்துடுவான்."

அப்பாவின் பழைய லைசன்ஸ் புத்தகத்தை அண்ணி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நம்பர் ஒன்றுதான். நான் விடவில்லை.

"அண்ணே, நம்பர் பிறகு அடிச்சிருக்கலாமில்ல?"

"விரல வச்சுப் பாருங்க. புதுசுன்னா ஓரம் வெரல்ல குத்தும். இது குழல்லயும் இருக்கு, விச இருக்கிற பூட்டுலயும் இருக்கு, கட்டையில உள்ள இரும்புலயும் இருக்கு. மூணும் ஒரே நாளுல அடிச்சது."

"இதுல ஒரு நாய் இருந்துச்சு" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரலாகக் கேட்டது.

அவர் டிராயரைத் திறந்து குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்தார். வழவழப்பான இடத்தில் தூவி, கட்டை விரலால் தேய்த்து, மிச்சத்தை ஊதினார். கைவிளக்கைப் படுக்கை வாட்டத்தில் பிடித்தார். முதலில் வால் தெரிந்தது. பிறகு பின்னங்கால்கள். தூக்கிய முன்னங்காலில் பாதி. தலை மட்டும் முழுக்கப் போயிருந்தது.

"மலிவுச் சாமானுக்கு ஆழமா வெட்ட மாட்டானுங்க, மேலாப்புல கீறி விடுவானுங்க. யாரோ வருஷக்கணக்கா மணல் தாளு போட்டு தேச்சிருக்காங்க."

யாரோ இல்லை. ஆயுத பூசைக்கு முதல் நாள் பாராங் வெட்டுக்கத்தி, மண்வெட்டி, ரப்பர் பால்வெட்டும் கத்தி எல்லாவற்றையும் துலக்கிச் சாமி முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். துலக்குவது என் வேலை. துப்பாக்கியையும் வைப்பார் அப்பா. சந்தனத்தைக் குழைத்து நாயின் மேலேயே அப்பிக் குங்குமம் வைப்பார். காய்ந்த சந்தனம் கீறல்களுக்குள் பிடித்துக்கொள்ளும். அதைச் செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பேன். போகாவிட்டால் அண்ணன் வேலையிடத்திலிருந்து கொண்டுவரும் மணல் தாளை எடுப்பேன். எட்டு வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும், வருஷம் தவறாமல். "எம் பொண்ணு தேச்சா முகம் பாக்கலாம்" என்று அப்பா சொல்லும்போது எனக்குப் பெருமை தாங்காது. நாய் வருஷத்துக்கு வருஷம் மங்கியதை நான் பார்க்கவே இல்லை. என் மனதில் இருந்த நாய்க்கு எட்டு வயதில் பார்த்த முகம்தான்.

அண்ணன் விற்கவில்லை, மாற்றவில்லை. நாயைத் தேய்த்துத் தீர்த்தது நான்.

கடைக்காரர் பாரத்தில் பெல்ஜியம் என்று எழுதி, இரண்டு எழுத்தையும் போட்டார். போலீஸில் கொடுத்ததும் அழித்துவிடுவார்கள் என்றார். பிறகு, "இதெல்லாம் ஒங்க அண்ணன்கிட்ட போன வருஷமே சொன்னேனேம்மா. இதே மாதிரி பவுடர் போட்டுக் காட்டுனேன். படம் எடுத்துட்டுப் போனாரு. ஒரு வாரத்துல மறுபடி வந்து இன்னொரு வாட்டி எடுத்தாரு" என்றார்.

காருக்குள் வந்து உட்கார்ந்தும் எனக்குச் சாவியைத் திருப்ப வரவில்லை. "என்ன படம் அண்ணி?" என்றேன்.

அண்ணி என்னை வினோதமாகப் பார்த்தார். "அதான் ஒன்கிட்ட வந்துச்சேம்மா. போன தீபாவளிக்கு முறுக்கு டின்னுல வச்சு அவருதான கொண்டாந்து ஒங்க கேட்டுல மாட்டிட்டு வந்தாரு. நீ போன் பண்ணுவேன்னு மறுநாளு லீவு போட்டுட்டு வீட்டுலயே இருந்தாரு."

அந்தத் தீபாவளி ஞாபகம் இருக்கிறது. அண்ணன் வெளியே நின்று இரண்டு தடவை "பாப்பா" என்று கூப்பிட்டார். நான் டிவியை அணைத்துவிட்டு உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கார் போன சத்தம் கேட்ட பிறகு வெளியே வந்து, கேட்டில் தொங்கிய பையை அப்படியே எடுத்துச் சந்து முனையில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். நல்ல நாளில் சாப்பிடும் பண்டத்தை.

"நீ போன் பண்ணலன்னதும் படம் சரியா விழல போலன்னு சொன்னாரு. மறுபடி போயி நல்லா வெளிச்சம் வச்சு எடுத்து, கழுவி வச்சிருந்தாரு. அடுத்த தீபாவளிக்குக் குடுத்துக்கலாம்னாரு." அண்ணி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, அந்த மொத படத்துல நாயி தெரிஞ்சிச்சா இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"பையப் பிரிக்கவே இல்ல அண்ணி. தூக்கிப் போட்டுட்டேன்."

அண்ணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அழட்டும், திட்டட்டும், இரண்டு அறைகூட விடட்டும் என்று காத்திருந்தேன். பாலம் முழுக்க அப்படியே வந்தார்.

பதினோரு வருஷம் நான் அவரைத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கடைசிவரை என் மேல் ஒரு குறை சொல்லவில்லை. படத்தைத்தான் குறை சொன்னார்.