தீர்த்தத்துக்கும் ஒரு வொறண்டி

றோஸி டீச்சரின் பொறுமையெல்லாம் வகுப்போடு சரி. கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்துகொண்டே லப்டொப்பில் கனடாப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். அதுகள் தமிழை எத்தனை தரம் கொலை செய்தாலும் சிரித்த முகம் மாறாது. மிச்சக் கோபம் முழுக்கக் கணவர் யூஜினுக்கு.

கோபப்படாமல் வேறென்ன செய்ய? போன லப்டொப்பைப் பெட்டி பிரித்த கையோடு மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தானே. புதிதாக எது வாங்கினாலும் சுவாமியாரிடம் காட்டித் தீர்த்தம் தெளித்த பிறகுதான் பாவிப்பது அந்த வீட்டு வழக்கம். மோட்டார் சைக்கிளென்றால் பரவாயில்லை. இந்த மனுசன் லப்டொப்பை விரியத் திறந்தல்லவா நீட்டியிருக்கிறார், உள்ளுக்கும் ஆசீர்வாதம் இறங்கட்டுமாம்! சுவாமியாரும் தாராளமாகத் தெளித்தார். அன்றைக்கே கீபோர்ட் செத்தது. தண்ணீர் பட்டதற்கு வொறண்டி கிடையாது, சும்மா திருத்தித் தரமாட்டோம் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். வகுப்பு நின்றது. சில தாய்மார் வேறு டீச்சரைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் மிச்சப் பிள்ளைகளும் போய்விடும்.

இப்போது வெள்ளவத்தையில், அதே கடையில், அடுத்த லப்டொப்.

"டீச்சர், கொஞ்சம் காசு கட்டி வொறண்டியக் கூட்டி எடுங்க," என்றான் கடைக்கார நிஸாம். "இதுல தண்ணி பட்டாலும் செஞ்சு தருவோம்."

"கடவுள் இருக்கேக்க வொறண்டி என்னத்துக்கு?" என்றார் யூஜின்.

றோஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போனமுறையும் கடவுள் இருந்தவர்தானே! வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ." பிறகு நிஸாமிடம் திரும்பினார். "வேண்டாம் தம்பி. இது கோயில் பக்கமே போகாது. எங்கட வீட்டில வேற தண்ணி இதில படாது."

"ஒரு கிழமைக்குள்ள மனசு மாறினா வாங்க, போட்டுத் தாறன்."

"மாறாது!"

அன்று பின்னேரம் றோஸி லப்டொப்பை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் பின்னேரம் வகுப்பு. சுவிட்சைத் தட்டப் போன விரல் பாதியில் நின்றது. ஆசீர்வாதம் இல்லாத சாமான். வகுப்பு நடுவில் இதுவும் நின்றுவிட்டால் அந்தத் தாய்மாருக்கு என்ன பதில் சொல்வது? சீ, படித்த மனுசிக்கு இதென்ன பயித்தியம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். விரல் மறுபடி போனது, மறுபடி திரும்பி வந்தது. எரிச்சல் தாங்கவில்லை.

யூஜின் பேப்பரை முகத்துக்கு நேரே இன்னும் உயர்த்திப் பிடித்தார். அதுதான் றோஸிக்கு இன்னும் கொதியைக் கிளப்பியது.

"என்ன, சிரிப்பு வருதோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே, ஐயோ!"

மறுநாள் காலை கடை திறக்கும்போதே லப்டொப்பும் கையுமாக றோஸி வாசலில் நின்றார்.

"தம்பி, அந்தத் தண்ணி வொறண்டியைப் போடுங்கோ."

நிஸாம் திடுக்கிட்டான். "ஏன் டீச்சர், தண்ணி பட்டுட்டா?"

"இல்லை," என்றார் றோஸி, பல்லைக் கடித்துக்கொண்டு. "இனித்தான் படப்போகுது."